பாக்ஸிங்கா, முவாய் தாயா, கராத்தேவா, ஜூடோவா: எதுல சேரலாம்?

"மாஸ்டர், எதுல சேரலாம்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"னு போன மாசம் ஒருத்தர் கேட்டார். வயசு 35, நாள் பூரா நாற்காலியில உக்காந்து பாக்கற வேலை, ஒரு பையன், அவனுக்கு 10 வயசு. அவர் போயிட்டு வர்ற தூரத்துல பாக்ஸிங், தாய்லாந்தோட முவாய் தாய், கராத்தே, ஜூடோ நாலுக்கும் கிளாஸ் இருக்கு, நாலு இடத்துலயும் விசாரிச்சிருக்கார், நாலு பேரும் எங்களுதுதான் நல்லதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்கு உடனே பதில் வரல. 12 வயசுல கராத்தேல ஆரம்பிச்சு, 20ல பாக்ஸிங், 27ல ஜூடோ, 33ல முவாய் தாய், 40 தாண்டி கம்புச் சண்டைன்னு போய் இப்ப 58 ஆகுது, அதுல 30 வருஷமா சொல்லியும் குடுக்கறேன், அப்படியும் ஒரே வார்த்தையில சொல்ற மாதிரி இது இல்ல.

ஏன்னா இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு. முதல் வருஷம் எது நிறைய குடுக்கும்னு ஒண்ணு. 20, 30 வருஷம் கழிச்சு உடம்புகிட்ட எது என்ன வாங்கும்னு இன்னொண்ணு. சேர வர்றவங்க எல்லாரும் முதல் கேள்வியைத்தான் கேக்கறாங்க, நானும் அந்த வயசுல அதைத்தான் கேட்டேன், ரெண்டாவது கேள்வியை யாருமே எனக்கு எடுத்துச் சொல்லல. அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சே சொல்றேன்.

முதல் வருஷக் கணக்குல பாக்ஸிங்கை அடிச்சுக்க ஆளே இல்ல. இதை கராத்தேல பிளாக் பெல்ட் வாங்கின கையோட சொல்றேன். 20 வயசுல கட்டின பெல்ட்டோட தெம்புல ஒரு பாக்ஸிங் கிளப்புக்குப் போனேன், அங்க ஆறு மாசம்தான் ஆன ஒரு பையனோட ரிங்ல விட்டாங்க, என்னைவிட சின்னப் பையன், எடையும் கம்மி. அவன் இடது கை நீண்டது தெரிஞ்சுது, கிளவ் என் மூக்குத் தண்டுல வந்து பட்டதும் தெரிஞ்சுது, நடுவுல என்ன நடந்துச்சுன்னு மட்டும் தெரியல. வலிகூட பெருசா இல்ல, ஆனா கண்ணு ரெண்டுலயும் தண்ணி முட்டிக்கிட்டு எதிர்ல இருக்கறவன் கலங்கலா தெரியறான், அந்தக் கலக்கத்துக்குள்ளயே ரெண்டாவது ஜாப், அதாவது முன்கையால விடற நேர்க்குத்து, வருது, மூணாவது வருது. நான் பழகின பாயிண்ட் கராத்தேல ஒரு அடி பட்டா நடுவர் நிறுத்துவார், ரெண்டு பேரும் பழைய இடத்துக்குப் போய் நிப்போம். அன்னைக்கு என் உடம்பு அந்த நிறுத்தத்துக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு. எட்டு வருஷம் நான் உடம்புக்குச் சொல்லிக் குடுத்த பழக்கம் அது, ஒரே ராத்திரியில மாறாது.

அந்த கோச் அடுத்த ரெண்டு மாசம் எனக்கு ஒரு குத்தும் சொல்லித் தரல. காலை மட்டும் பாத்தார். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவுல இருக்கற அகலம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குறையக் கூடாது, கால் ஒண்ணோட ஒண்ணு பின்னக் கூடாது, பின்குதிகால் லேசா எழும்பியே இருக்கணும், அவ்வளவுதான் பாடம். அதுக்கப்புறம்தான் ஜாப், பின்கையால நேரா விடற கிராஸ், பக்கவாட்டுல வளைஞ்சு வர்ற ஹூக், கீழ இருந்து மேல போற அப்பர்கட்னு வந்தார். பாக்ஸிங்ல அடிப்படைக் குத்துன்னு பாத்தா இந்த நாலுதான், நாலையே வருஷக்கணக்குல செதுக்குவாங்க, அதனாலதான் சீக்கிரம் கைக்கு வருது. நிறைய கத்துக்குடுக்கற கலையில முதல் வருஷம் பூரா பேர் மனப்பாடம் பண்றதுலயே போயிடும். 3 நிமிஷ ரவுண்டு, 1 நிமிஷ ஓய்வு, கைல கிளவ், இதெல்லாம் 1867ல வந்த குவீன்ஸ்பெரி விதியில இருந்து வர்றது, அந்த 3 நிமிஷத்துல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. மூச்சு எப்படிப் போகுது, பயம் வந்தா தோள் எப்படி இறுகுது, அடி பட்டா கண்ணை மூடறோமா திறந்து வச்சுக்கறோமா, எல்லாத்தையும் முதல் மூணு மாசத்துலயே அது காட்டிக் குடுத்துடும்.

கை சுத்தற துணியைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா புதுசா வர்றவங்க இதைத்தான் முதல்ல அலட்சியம் பண்றாங்க. நாலரை மீட்டர் நீளத் துணி, கட்டைவிரல்ல மாட்டி, மணிக்கட்டுல மூணு சுத்து, முட்டி எலும்பு மேல மூணு சுத்து, அப்புறம் விரல் இடுக்கு ஒவ்வொண்ணுக்குள்ளயும் விட்டு எடுத்து, திரும்ப மணிக்கட்டுல முடிக்கணும். சுத்தும்போது விரலை நல்லா விரிச்சு வச்சுக்கணும், மடக்கி வச்சுச் சுத்தினா முஷ்டி பிடிக்கும்போது ரத்த ஓட்டமே நின்ன மாதிரி மரத்துப் போகும். மனுஷன் கையில 27 சின்னச் சின்ன எலும்பு இருக்கு, அதுல சுண்டு விரலுக்குக் கீழ இருக்கற எலும்பு தப்பான ஹூக் ஒண்ணுல உடையறது அவ்வளவு சாதாரணம், டாக்டருங்க அதுக்கு பாக்ஸர் எலும்பு முறிவுன்னே பேர் வச்சிருக்காங்க. கிளவ் இல்லாம தெருவுல மண்டையைக் குத்தினாலும் அதே எலும்புதான் போகும்.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வாங்க. பாக்ஸிங் வாங்கற விலை தலை. 1928லயே மார்ட்லண்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர் ரொம்ப நாள் அடி வாங்கின பாக்ஸர்களோட தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் பத்தி மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டார், கிட்டத்தட்ட நூறு வருஷமா தெரிஞ்ச விஷயம். ஹெட்கார்டு போட்டா சரியாப் போச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஹெட்கார்டு புருவம் கிழியறதைக் குறைக்கும், வீக்கத்தைக் குறைக்கும், ஆனா மண்டைக்குள்ள மூளை குலுங்கறதை அது நிறுத்தாது, தலை சட்டுன்னு திரும்பும்போதுதான் அந்தக் குலுக்கல் வருது, மேல பஞ்சு இருந்தாலும் தலை திரும்பத்தான் செய்யும். 2013ல ஆண்கள் அமெச்சூர் பாக்ஸிங்ல ஹெட்கார்டையே எடுத்துட்டாங்க, 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆண்கள் வெறும் தலையோடதான் ஆடினாங்க, சரியா தப்பாங்கற வாதம் இன்னும் ஓயல. ஒண்ணு மட்டும் நான் உறுதியா சொல்வேன், போட்டியில வாங்கற அடியைவிட வாராவாரம் ஸ்பாரிங்ல, அதாவது ஜோடி சேந்து பண்ற பயிற்சி மோதல்ல, வாங்கற அடிதான் எண்ணிக்கையில எவ்வளவோ அதிகம், குறைக்க வேண்டியது அங்கதான்.

என் 20களோட பின்பாதியில நான் இருந்த ஒரு இடத்துல ஒவ்வொரு சனிக்கிழமையும் முழு வேகத்துல ஸ்பாரிங். ஒரு சனிக்கிழமை வலது கை ஒண்ணு காதுக்கு மேல வாங்கினேன், விழல, ரவுண்டை முடிச்சேன், ஆனா வீட்டுக்கு எந்த வழியா வந்தேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. மூணு நாள் வெளிச்சம் பாத்தா தலை வலிச்சுது. அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னேன், தண்ணி நிறைய குடி, பழகிடும்னு சொல்லி திரும்ப ரிங்குக்குள்ள அனுப்பிட்டாங்க. இன்னைக்கு நினைச்சாலும் எனக்குக் கோவம் வருது, முதல் அதிர்ச்சி ஆறுறதுக்கு முன்னாடி ரெண்டாவது அடி வாங்கறது உயிருக்கே ஆபத்து, அதுவும் சின்ன வயசுல இன்னும் மோசம். என்கிட்ட யாருக்காவது தலையில அடி பட்டு ஒரு நொடி முழி மாறினாலும் அன்னைக்கு அவங்களுக்கு கிளாஸ் முடிஞ்சுது, எல்லா அறிகுறியும் போய் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்பாரிங் கிடையாது, அழுதாலும் கெஞ்சினாலும் கிடையாது.

முவாய் தாய் பக்கம் வந்தா, பாக்ஸிங் குடுக்கற அதே நிஜத்தை இதுவும் குடுக்கும், ஆயுதம் மட்டும் எட்டு. ரெண்டு கை, ரெண்டு முழங்கை, ரெண்டு முழங்கால், ரெண்டு கால். தாய்லாந்துல பாங்காக்கோட ராஜடம்னெர்ன் ஸ்டேடியம் 1945ல, லும்பினி 1956ல ஆரம்பிச்சது, அங்க பழைய வழக்கப்படி 3 நிமிஷத்துல 5 ரவுண்டு, நடுவுல 2 நிமிஷ ஓய்வு. வெளியில இருந்து பாக்க பாக்ஸிங்ல உதை சேத்த மாதிரி தெரியும், உள்ள போனாத்தான் நிக்கற விதமே வேறன்னு புரியும். பாக்ஸிங்ல குனிஞ்சு தப்பிச்சா அது திறமை, முவாய் தாய்ல அதே குனியல் நேரா எதிராளி முழங்காலுக்கு மூஞ்சியைக் கொண்டுபோய்க் குடுக்கறது. பாக்ஸிங்ல முன்காலை நல்லா ஊணி நிப்போம், இங்க அந்த ஊணின கால்தான் முதல் இலக்கு, தொடை வெளிப்பக்கம் ரெண்டு உதை விழுந்தா மூணாவதுக்கு கால் மடங்கிடும்.

இதுக்குப் பழைய உதாரணம் 1976ல டோக்கியோவுல முகமது அலியும் ஜப்பான் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் மோதினது. இனோக்கி 15 ரவுண்டுல பெரும்பகுதியை தரையில படுத்துக்கிட்டே அலியோட காலை உதைச்சு ஓட்டினார், அலியால விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் குத்தே விட முடிஞ்சுது, முடிவு டிரா, அலியோட கால் வீங்கி அப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டி வந்துச்சு. பாத்தவங்களுக்கு ரொம்ப சலிப்பான மேட்ச் அது. ஆனா சொல்லிக் குடுக்கற எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது: உலகத்துலயே சிறந்த கை இருந்தாலும், காலுக்கு வர்ற உதையைப் பழகாதவனுக்கு அது புது உலகம்.

முவாய் தாய்ல யாரும் விளம்பரத்துல காட்டாத பகுதி கிளிஞ்ச். ரெண்டு கையால எதிராளி பின்னந்தலையைக் கட்டிப்பிடிச்சு, முழங்கையை உள்பக்கம் நெருக்கி, அவன் தலையை நம்ம மார்போட இறக்கறது. 20 நிமிஷம் இது மட்டும் பண்ணினா மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது, கழுத்து, முதுகு, வயிறுன்னு மொத்த உடம்பும் கேக்கும். தலைக் கணக்குல ஒரு ஆச்சரியம் என்னன்னா, நல்ல தாய்லாந்து டிரெய்னர்கிட்ட கத்துக்கிட்டவங்க ஸ்பாரிங்கை விளையாட்டு மாதிரி லேசா பண்ணுவாங்க, அடிக்கடி நிஜ ஃபைட்டு ஆடறவங்க பயிற்சியில உடம்பைச் சேதப்படுத்திக்க மாட்டாங்க, டிரெய்னர் கையில பிடிக்கற பேட்லதான் முழு பலம் காட்டுவாங்க. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவராம உதையை மட்டும் கொண்டுவந்த இடங்களும் நிறைய இருக்கு, அங்கதான் அடி தாறுமாறா விழும். இன்னொண்ணு, காலை இறுக்கறேன்னு பாட்டிலை வச்சு எலும்புல உருட்டறது, கட்டையால தட்டறது எல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம், தொங்கவிட்ட ஹெவி பேகை மாசக்கணக்குல உதைச்சாலே எலும்பு தானா கெட்டிப்படும்.

கராத்தே என் தாய்வீடு, அதனால அதைப் பத்தி நான் கொஞ்சம் உரிமையோடயே பேசுவேன். ஜப்பானோட ஒகினாவா தீவுல இதோசு அங்கோங்கற ஆசான் 1900களோட தொடக்கத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்காக பினான் கட்டா அஞ்சையும் அமைச்சார், கட்டான்னா தனியா நின்னு வரிசையா பண்ற அசைவுத் தொகுப்பு, அவர் மாணவர் ஃபுனாகோஷி 1922ல கராத்தேவை டோக்கியோவுக்குக் கொண்டுபோய் செஞ்சு காட்டினார், அங்கிருந்துதான் உலகம் பூரா போச்சு. பள்ளிக்கூடத்துக்காக அடுக்கி வச்ச ஒண்ணுங்கறதாலயே கூட்டமா நின்னு கத்துக்க வசதி, சின்னப் பிள்ளைங்களுக்கு உடம்பு ஒழுங்கு வர அதைவிட எளிய வழி கம்மி. குறை என்னன்னா கராத்தேங்கற ஒரே பேருக்குள்ள நாலஞ்சு வேற வேற விஷயம் இருக்கு. கியோகுஷின்ங்கற பிரிவுல உடம்புல முழு பலத்தோட குத்தலாம், தலையில உதைக்கலாம், ஆனா மூஞ்சியில கையால குத்தக் கூடாது, அதனால அங்க பழகினவங்க நெஞ்சோட நெஞ்சு நின்னு மோதுவாங்க, கை கீழயே இருக்கும். பாயிண்ட் கராத்தேல தூரத்துல இருந்து மின்னல் மாதிரி உள்ள வந்து தொட்டுட்டு வெளிய போகணும். 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல 75 கிலோவுக்கு மேல உள்ள ஆண்கள் ஃபைனல் ஞாபகம் இருக்கா, சவுதி வீரர் தாரெக் ஹமேதி விட்ட தலை உதையில ஈரான் வீரர் சஜ்ஜாத் கஞ்ஜஸாதே மயங்கி விழுந்துட்டார், கட்டுப்பாடு இல்லாம அடிச்சதுக்காக அடிச்சவரைத் தகுதிநீக்கம் பண்ணி விழுந்தவருக்குத் தங்கம் குடுத்தாங்க. நிறைய பேர் சிரிச்சாங்க. அந்த விளையாட்டுல கட்டுப்பாடுதான் திறமை, விதி அப்படி. அதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு சேரணும், தற்காப்புன்னு நினைச்சு சேந்துட்டு எட்டு வருஷம் கழிச்சு என்னை மாதிரி ரிங்ல போய் நிக்கக் கூடாது.

ஆனா 58 வயசுல காலைல எழுந்ததும் நான் பண்றது எது தெரியுமா, கட்டா. பாக்ஸிங்ல கத்துக்கிட்ட தலை அசைவு வேகம் குறைஞ்சுடுச்சு, முவாய் தாய் உதை இடுப்பு உயரத்தோட நின்னுடுச்சு, ஜூடோ முட்டியைப் பாத்துத்தான். சான்சின் கட்டா மட்டும் 25 வயசுல பண்ணினதைவிட இப்ப நல்லா வருது. மூச்சும் அடிவயிறும் பாதமும் ஒண்ணாச் சேர்ற இடம் எனக்கு 45 வயசுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. யார் துணையும் வேண்டாம், ரெண்டு அடி இடம் போதும். அந்த ரெண்டாவது கேள்விக்கு கராத்தே குடுக்கற பதில் இதுதான், பாக்ஸிங்கால இதைத் தர முடியல.

கொரியாவோட டேக்வாண்டோவை நான் முறையா பழகினதில்ல, சேந்து பயிற்சி பண்ணியிருக்கேன், 2000 சிட்னில இருந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டு, உதைக்கு அதைவிட நல்ல பள்ளி இல்ல, கை மட்டும் பட்டினி கிடக்கும். சீனக் கலையான விங் சுன்ல கையோட கை ஒட்டி அழுத்தத்தை உணர்ற பயிற்சி அருமையானது, ஆனா முழு வேகத்துல எதிர்க்கற ஆளோட பழகாத இடங்கள்தான் நான் பாத்ததுல அதிகம். தாய்ச்சி 60 வயசுக்கு மேல தடுமாற்றம் இருக்கறவங்களுக்கு தைரியமா சொல்வேன், 1956ல சீனாவுல சுருக்கி அமைச்ச 24 அசைவு வடிவமே போதும், சண்டைக்குன்னு யாரும் அதைத் தேடிப் போக வேண்டாம்.

ஜூடோதான் நான் லேட்டா போய் ரொம்ப வருத்தப்பட்ட இடம். கானோ ஜிகோரோ 1882ல டோக்கியோவுல ஒரு கோயிலுக்குள்ள 12 பாய் விரிச்ச இடத்துல ஆரம்பிச்சார், அப்ப அவருக்கு வயசு 20ஐ ஒட்டித்தான். அவர் பண்ணின பெரிய வேலை என்னன்னா, ஜப்பானோட பழைய கைச்சண்டை முறையான ஜுஜுட்சுல ஆபத்தானதை எல்லாம் பயிற்சி மோதல்ல இருந்து தள்ளி வச்சுட்டு, மிச்சம் இருக்கறதை முழு பலத்தோட எதிர்க்கற ஆள் மேல தினமும் பழகலாம்னு ஆக்கினது. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். கண்ணைக் குத்தற டெக்னிக்கை யார் மேலயும் நிஜமா பழக முடியாது, அதனால அது கடைசி வரைக்கும் நம்பிக்கை மட்டும்தான். எதிராளி காலை வாரிப் பின்பக்கமா சாய்க்கற ஒசோட்டோகாரியை வாரத்துக்கு 200 தடவை, தப்பிக்கப் பாக்கற ஒருத்தன் மேலயே போட்டுப் பாக்கலாம். தலையில அடி வாங்காம முழு பலத்துல மோதணும்னா ஜூடோவும், அதோட கிளையா பிரேசில்ல வளர்ந்த ஜியு ஜிட்சுவும் நல்ல வழி.

முதல் மூணு வாரம் விழறது மட்டும்தான். தாடையை மார்போட ஒட்டி, தொப்புளைப் பாக்கற மாதிரி தலையை வச்சுக்கிட்டு, முதுகு உருண்டையா, கை உடம்புல இருந்து கொஞ்சம் விலகி பாயை ஓங்கி அறையணும். சரியா விழுந்தா ஒரே ஒரு பெரிய சத்தம் வரும், கையும் முதுகும் ஒரே நேரத்துல படற சத்தம். தப்பா விழுந்தா ரெண்டு சத்தம். எங்க மாஸ்டர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார், சத்தத்தை வச்சே யாரு தப்பா விழுந்தாங்கன்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். 51 வயசுல ஈரப் படிக்கட்டுல கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன், யோசிக்கவே நேரம் இல்ல, தாடை தானா மார்புக்குப் போச்சு, கை தானா படியை அறைஞ்சுது, உள்ளங்கை எரிச்சலோட எழுந்து உக்காந்தேன். நாப்பது வருஷத்துக்கும் மேல கத்துக்கிட்ட அத்தனை குத்துலயும் உதையிலயும், நிஜ வாழ்க்கையில என் மண்டையைக் காப்பாத்தினது அந்த மூணு வாரம்.

பாக்ஸர் ஒருத்தர் மட்டும் தரையில என்ன பண்ணுவார்ங்கறதுக்கு 1993ல அமெரிக்காவுல வேற வேற கலைக்காரங்களை மோத விட்ட முதல் யு.எஃப்.சி. போட்டியே சாட்சி. ஆர்ட் ஜிம்மர்சன்னு ஒரு தொழில்முறை பாக்ஸர் ஒரு கைல மட்டும் கிளவ் போட்டுக்கிட்டு வந்தார், பிரேசில் ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேஸி அவரைத் தரையில சாய்ச்சு மேல ஏறி உக்காந்ததுமே, பெருசா ஒரு அடிகூட விழறதுக்கு முன்னாடி ஜிம்மர்சன் தோத்தேன்னு கையால தட்டிட்டு விலகிட்டார். அதை நான் குறையா சொல்லல. தெரியாத தண்ணியில இருக்கோம்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு, கரை ஏறிட்டார்.

ஜூடோ வாங்கற விலையும் சின்னதில்ல. முட்டி, தோள், விரல். எதிராளி முழு எடையும் பக்கவாட்டுல நம்ம முட்டி மேல விழுந்தா உள்ள இருக்கற தசைநார் போயிடும், எனக்கு வலது முட்டி அப்படித்தான் போச்சு, ஒன்பது மாசம் உக்கார வச்சுது. அதோட மூஞ்சிக்கு வர்ற கையைப் பத்தி ஜூடோ ஒண்ணும் சொல்லித் தராது. போட்டி விதியில காலைக் கையால பிடிச்சுத் தூக்கறதையும் 2010ல ஆரம்பிச்சு 2013ல முழுசா தடை பண்ணிட்டாங்க, அதனால போட்டிக்கு மட்டும் பழகற கிளப்புல அந்தப் பகுதியே மறைஞ்சு போகுது.

கம்பு வகையைப் பத்தி சுருக்கமா, சிலம்பமோ பிலிப்பைன்ஸ் எஸ்கிரிமாவோ எதுவா இருந்தாலும் தூரத்தைக் கணக்குப் போட அதைவிட நல்ல வாத்தியார் இல்ல, கம்பு நுனி வர்ற வேகத்துக்குக் கண்ணு பழகிட்டா கை வர்றது மெதுவா தெரியும். நான் லேட்டாத்தான் போனேன். முதல்ல சேர்றதுக்கு இதைச் சொல்ல மாட்டேன், ரெண்டாவதா சேத்துக்கங்க.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல பழகலாமேன்னு கேக்கறவங்க புரூஸ் லீ பேரைச் சொல்வாங்க. அவர் சின்ன வயசுலயே இப் மேன்ங்கற ஆசான்கிட்ட விங் சுன் வருஷக்கணக்குல பழகி, அப்புறம் பாக்ஸிங்லயும் வாள்வீச்சுலயும் இருந்து எடுத்துச் சேத்து, 1967லதான் தன் முறைக்கு ஜீத் குன் டோங்கற பேரே வச்சார். ஒரு அஸ்திவாரம் இருந்து அது மேலதான் மத்ததை ஏத்தினார். திங்கள்கிழமை பாக்ஸிங், புதன்கிழமை ஜூடோ, சனிக்கிழமை கராத்தேன்னு முதல் நாள்ல இருந்தே ஓடற பசங்களைப் பாத்திருக்கேன், பழக்கம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். பாக்ஸிங் லேசா குனிஞ்சு நில்லுங்கும், ஜூடோ நிமிர்ந்து நில்லுங்கும், கராத்தே அடிச்ச கையை இடுப்புக்கு இழுங்கும், பாக்ஸிங் தாடைக்குக் கொண்டு வாங்கும், உடம்பு யார் பேச்சைக் கேக்கும்? ஒண்ணுல ரெண்டு வருஷமாவது ஊறின பிறகு அடுத்ததுக்குப் போனா உடம்பு ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கும். எனக்கு 12 வயசு திரும்பக் கிடைச்சா ஜூடோ முதல்ல, 18க்கு மேல பாக்ஸிங், அப்புறம் முவாய் தாய், கட்டா மட்டும் எல்லாத்துக்கும் அடியில ஓடிக்கிட்டே இருக்கும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் முழுசா உக்காந்து பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, எதைப் பாக்கணும்னு சொல்றதில்ல. புதுசா வந்தவனோட யாரை ஸ்பாரிங் விடறாங்கன்னு பாருங்க, நல்ல இடத்துல பெரிய சீனியர்தான் வருவான், அவன் அடிக்க மாட்டான், அடிக்க விடுவான். டெக்னிக் காட்டும்போது பார்ட்னர் சிலை மாதிரி நிக்கறானா, இல்ல நகர்றானா இழுக்கறானா பாருங்க, கடைசி வரைக்கும் சிலையாவே நின்னா அங்க இருந்து கிளம்பிடலாம், அது எந்த நாட்டுக் கலையா இருந்தாலும் சரி. 40 வயசு தாண்டினவங்க எத்தனை பேர் இன்னும் பழகறாங்கன்னு எண்ணுங்க, யாருமே இல்லன்னா அந்த இடம் உடம்பைத் தின்னுட்டு அனுப்பிடுதுன்னு அர்த்தம். தலையில யாருக்காவது அடி பட்டா கோச் முதல்ல அவன் கண்ணைப் பாக்கறாரா, கடிகாரத்தைப் பாக்கறாரான்னு கவனிங்க.

அந்த 35 வயசுக்காரருக்கு நான் கடைசியா சொன்னது இது. பையனுக்கு ஜூடோ, யோசிக்கவே வேண்டாம், 10 வயசுத் தலைக்கு அடி வாங்கற எந்த விளையாட்டும் கூடாது, விழக் கத்துக்க அதைவிட நல்ல வயசும் கிடையாது. அவருக்கு காலேஜ்ல முட்டி ஒரு தடவை திரும்பின கதை இருந்துச்சு, அதனால ஜூடோ ரிஸ்க்கு, முவாய் தாய் உதைக்கும் ஊணின கால் முட்டிதான் திரும்பணும். பாக்ஸிங் போங்க, ஆறு மாசம் பேக், பேட், கால் வேலை மட்டும், ஸ்பாரிங் வேணும்னு தோணினா உடம்புல மட்டும் தொடற மாதிரி, தலை கிடையாதுன்னு கோச்சுகிட்ட முதல் நாளே பேசிடுங்கன்னேன். அதுக்கப்புறம் அவர் பாத்த ரெண்டு பாக்ஸிங் கிளப்புல ஒருத்தர் அதுக்கு ஒத்துக்கல, இன்னொருத்தர் சரின்னார், அங்கதான் சேந்திருக்கார்.

முந்தாநாள் ஃபோன் பண்ணினார். இடது கைக்குத் துணி சுத்த இன்னும் வரலையாம், வலது கையால சுத்தும்போது நடுவுல நழுவிடுதாம். பையன் வீட்டுல மெத்தை மேல விழுந்து விழுந்து கையை அறைஞ்சுக்கிட்டு இருக்கானாம், ரெண்டு சத்தம் வருது மாஸ்டர், ஒரு சத்தம் எப்ப வரும்னு கேக்கச் சொன்னான்னார். இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லுங்கன்னேன்.